வண்டி வரும்வரை நாம்தான்

(மாதர் பிரிவும் இளைஞர் அணியும் ஹட்டனில் கூட்டிய கூட்டத்தில், தோட்டப் பிரிவு ஒன்றின் முதலுதவித் தொண்டர் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நாங்கள் பதினொரு பேர். ஆறு பேர் கொழுந்து எடுக்கிறவர்கள். ஒருவர் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறார். இரண்டு பேர் ஓட்டோ ஓட்டுகிறார்கள். ஒருவர் பெக்டரியில் வேலை. கடைசியாகச் சேர்ந்த தம்பி உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கிறார். எங்களில் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. நாங்கள் மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் ஓடிப்போய், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தப் பிள்ளையைக் காப்பாற்றி வைத்திருக்கப் பார்க்கிறோம். எங்கள் வேலை அவ்வளவுதான்.

இந்தக் குழு ஏன் உண்டானது என்று சங்கத்தில் கேட்டார்கள். சொல்வது எங்களுக்கு லேசான காரியமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தேர் லயத்துக்கு வந்து நிற்கிறது. மேளம் அடிக்கிறது. இரண்டு வயது ஆண் பிள்ளை ஒன்று, அக்காவின் கையிலிருந்த கச்சானில் நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டது. யாரோ சிரிப்புக் காட்டினார்கள், பிள்ளையும் சிரித்தது. அடுத்த நிமிடம் அழவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. முகம் நீலமாகிவிட்டது.

சுற்றி நூறு பேருக்கு மேல் நின்றோம். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒருவர் தலையில் தட்டினார். சாமியாடியிடம் திருநீறு வாங்கிப் பூசினோம். பிறகு தூக்கிக்கொண்டு ஓட்டோவைத் தேடி ஓடினோம். தேர் பாதையை அடைத்து நின்றதால் ஓட்டோ மேலே வர முடியவில்லை. பிள்ளையைக் கையிலேயே சுமந்து சந்திக்கு இறங்கினோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அங்கிருந்த டொக்டர் எங்களைத் திட்டவில்லை. “இந்த மாதிரி நேரத்தில் வண்டி உதவாது. அந்த இடத்திலேயே குனிய வைத்து முதுகில் தட்டியிருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். எங்கள் கையிலேயே செய்யக்கூடிய காரியம் அது. அதைச் செய்யாமல் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்.

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று அந்தப் பிள்ளையின் தாய் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “இத்தனை பேரு நின்னீங்களே, ஒருத்தருக்குக்கூடவா தெரியல?”

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியில்தான் இந்தக் குழு தொடங்கியது. அந்தத் தாய் எங்கள் குழுவில் இல்லை. நாங்கள் பயிற்சி செய்யும் நாளில் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். நாங்கள் அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் துக்கம் அவருக்கு.

தோழர்களே, ஒரு கணக்குப் பார்ப்போம். மூச்சு முற்றாக அடைபட்டு இரத்தத்தில் ஒக்ஸிஜன் இல்லாமல் போனால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கும். இப்போது நம் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு எவ்வளவு நேரம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். மேற்பிரிவிலிருந்து இறங்க அரை மணி நேரம் என்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மழை நாளில் இன்னும் கூடும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று நம் நாட்டுக்குக் கிடைத்த பெரிய வரம். இந்திய அரசின் நன்கொடையில் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கினார்கள். 2018 ஜூலையிலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. வண்டிகளின் எண்ணிக்கை 297 ஆனது. அதே 2018இல் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதற்கென்று தனி மன்றமும் அமைந்தது. 1990க்குக் கோல் எடுக்கக் காசில்லை, வண்டிக்கும் காசில்லை, தமிழிலும் பேசலாம். கர்ப்பிணியைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன காலத்தைப் பார்த்த நம் பாட்டிமாருக்கு அதன் அருமை தெரியும். டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு புதிய ஆஸ்பத்திரிக் கட்டடம் 2017 மே 12ஆம் திகதி திறக்கப்பட்டதையும் நாம் நோர்வூட் மைதானத்தில் கூடிக் கொண்டாடினோம்.

ஆனால் எவ்வளவு நல்ல வண்டியும் நாலு நிமிடத்தில் நம் லயத்துக்கு வராது. வண்டிக்காரர் மேல் குற்றமில்லை. மலை அப்படி, பாதை அப்படி. ஆகவே முதல் பத்து நிமிடம், சில இடத்தில் முதல் அரை மணி நேரம், பிள்ளையின் உயிர் பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது முதலில் மண்ணைக் கிளறிய கைகள் அந்தத் தோட்டத்துக் கைகள்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நுவரெலியா மாவட்டத்துப் பாதைகள் துண்டு துண்டாகப் போனபோது நம்மில் பலர் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டோம். அப்படிப்பட்ட நாளில் வெளியிலிருந்து யாரும் உடனே வர முடியாது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியுமோ அதுதான் வைத்தியம்.

இனி நாங்கள் கற்றதில் முக்கியமானவற்றைச் சொல்கிறோம். கேட்டால் மட்டும் போதாது. செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவர்களிடம் பொம்மையை வைத்துக் கையால் செய்து பழக வேண்டும். ஆனாலும் எதுவும் தெரியாமல் நிற்பதைவிட இதைத் தெரிந்துகொண்டு நிற்பது மேல்.

முதலாவது, தொண்டை அடைப்பு. பிள்ளை பலமாக இருமினால், அழுதால், மூச்சு போகிறது என்று அர்த்தம். இருமவிடுங்கள், தட்டாதீர்கள். சத்தமே வராமல் முகம் மாறினால் உடனே தொடங்குங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பலமான தட்டாக இருக்க வேண்டும், தடவுவது போல் இருக்கக் கூடாது. வராவிட்டால் பின்னால் முழந்தாளிட்டு, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளுக்கும் மேலுக்குமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். மறுபடி முதுகில் ஐந்து, வயிற்றில் ஐந்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

ஒரு வயதுக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு வயிற்றை அமுக்கவே கூடாது. முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிக்கொண்டு முதுகில் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சுக்கு நடுவில், முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஐந்து அமுக்கு. இதை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

வாய்க்குள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாததை விரலால் தேடினால் அது இன்னும் கீழே போகும். அன்று நாங்கள் செய்த பிழை அதுதான். அடைத்தது வெளியே வந்து பிள்ளை சிரித்தாலும், வயிற்றை அமுக்கியிருந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள்.

பிள்ளை மயங்கி, மூச்சும் இல்லையென்றால், தட்டையான தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்க வேண்டும். முப்பது அமுக்கு, இரண்டு ஊதல். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம், பெரிய பிள்ளைக்கு 5. ஒருவர் அமுக்கும்போதே இன்னொருவர் 1990க்குப் பேச வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள்.

இரண்டாவது, சுடுதண்ணீர். நம் லயத்துக் காம்பராவில் அடுப்பும் பிள்ளையும் ஒரே இடத்தில்தான். கேத்தல் கவிழ்வது, குளிக்க வைத்த வெந்நீர் வாளியில் பிள்ளை விழுவது நமக்குப் புதிதல்ல. சுட்ட இடத்தை உடனே பீலித் தண்ணீரில் அல்லது குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. போனில் மணி பார்த்து முழுதாக இருபது. நம் நுவரெலியாக் குளிரில் பிள்ளை விறைத்துவிடும். ஆகவே சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். காப்பு, அரைஞாண் கயிறு முதலியவற்றை வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, கோப்பித்தூள், எண்ணெய், ஐஸ் ஒன்றும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வரக்கூடியது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். இரும்பைக் கையில் கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது, பச்சைத் தண்ணீரை ஊற்றுவது எதுவும் வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கம் உடுப்பைத் தளர்த்தி, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 1990. முதல் தடவை வந்த வலிப்பென்றால் நின்றாலும் ஆஸ்பத்திரி. கோடாங்கியிடம் போவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

நான்காவது, குளவி. மலையில் நமக்குக் கொட்டுவது தனிக் கதை. பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மரத்தில் கூடு இருந்தால் அதைத் துரைக்கு எழுத்தில் கொடுங்கள். கொட்டிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு ஓடுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், உடம்பெல்லாம் தடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஐந்தாவது, மண்ணெண்ணெய். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. திரும்பி வரும்போது அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கெட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீட்டர். பாதிப் பக்கெட், அரைக் கோப்பை என்று கண்ணளவில் கலக்காதீர்கள்.

இனி 1990க்கு எப்படிப் பேசுவது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நாங்கள் முதலில் தோற்றோம். பட்டணத்துக்காரருக்கு வீட்டு இலக்கம், வீதி இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? கடிதமே தோட்டத்து ஒபீஸுக்குத்தான் வருகிறது. “மேல் லயம், கடைசிக் காம்பரா” என்று போனில் சொன்னால் எந்த வண்டிக்காரருக்கு விளங்கும்? எங்கள் இரண்டாவது கோலில் வண்டி ஒரே மாதிரிப் பெயருள்ள இன்னொரு பிரிவுக்குப் போய்விட்டது. வந்தவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் சொன்ன விதம் அப்படி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு சிறு அட்டை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், எந்த நகரத்திலிருந்து எந்த ரோட்டில் எத்தனையாவது கிலோமீட்டர், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பக்கத்தில் கோயிலா, பெக்டரியா, ஸ்கூலா. போன் பேசுகிறவர் பதறாமல் அதைப் பார்த்து வாசித்தால் போதும். கோல் எடுத்தவுடன் ஒரு இளைஞர் டோர்ச்சோடு சந்திக்கு ஓடுவார். வண்டி ஏற முடியாத பாதையென்றால் ஓட்டோவில் பிள்ளையை இறக்கிச் சந்தியிலேயே வண்டியோடு சேர்த்துவிடுவோம். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் அட்டையில் எழுதியிருக்கிறோம். எங்கள் பிரிவில் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேடு. செலவு என்று பார்த்தால் அட்டையும் பேனாவும்தான்.

குழுவுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை. எந்தக் கோயில், என்ன ஜாதி, தோட்டமா நாடா என்று கேட்பதில்லை. பக்கத்து நாட்டிலிருந்து சிங்களத் தாய் ஒருவர் கூப்பிட்டபோதும் அதே ஓட்டம்தான் ஓடினோம். தாய் தகப்பன் நிற்கும்போது அவர்களிடம் கேட்டுவிட்டே பிள்ளையைத் தொடுவோம். முடிந்தவரை இரண்டு பேராகப் போவோம், அதில் ஒருவர் பெண். போட்டோ எடுப்பதில்லை, பேஸ்புக்கில் போடுவதில்லை, பீலியடியில் நின்று கதைப்பதில்லை. பிள்ளையின் உடம்பில் அடி தழும்பு மாதிரி ஏதாவது கண்டால் ஊரில் சொல்லாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் மட்டும் சொல்வோம்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடியும் என்று நாங்கள் இங்கே பொய் சொல்ல மாட்டோம். போன வருடம் ஒரு விடியற்காலை. மூன்று மாதக் குழந்தை மூச்சில்லாமல் கிடந்தது. எங்களில் இருவர் மாறி மாறி நெஞ்சை அமுக்கினார்கள். வண்டி வந்தது, அவர்களும் செய்தார்கள். குழந்தை திரும்பவில்லை. படித்ததைப் பிழையில்லாமல் செய்தீர்கள் என்று வண்டியில் வந்தவர் சொன்னார். ஆனாலும் எங்கள் அக்கா ஒருவர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் பயிற்சிக்கு வரவில்லை. கொழுந்து எடுக்கும்போது விரல் தன்பாட்டில் எண்ணிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னார். நாங்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மாலையில் போய் அவரோடு உட்கார்ந்து சாயத்தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். இப்போது மறுபடி வருகிறார். குழுத் தொடங்க நினைக்கிறவர்கள் இதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிறவர்களுக்கும் ஆறுதல் வேண்டும்.

நல்லபடி முடிந்ததும் உண்டு. டொபி அடைத்த நாலு வயதுப் பெண் பிள்ளைக்கு மூன்றாவது தட்டிலேயே டொபி வந்து விழுந்தது. தட்டியது எங்கள் குழு ஆள்கூட இல்லை. பயிற்சியைக் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்த அந்தப் பிள்ளையின் அம்மாயி. அன்று எங்களுக்கு ஒன்று விளங்கியது. பதினொரு பேர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. ஒவ்வொரு காம்பராவிலும் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. பங்களாதேஷில் வயிற்றோட்டத்தால் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தில், பிராக் என்ற அமைப்பின் பெண்கள் 1980 முதல் 1990 வரை வீடு வீடாக நடந்து, உப்பும் வெல்லமும் தண்ணீரும் எந்த அளவில் கலப்பது என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். சொல்லிக் கொடுத்த பெண்ணுக்குக் கூலி எப்படித் தெரியுமா? பின்னால் வேறொருவர் போய் அந்தத் தாயிடம் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பக் கூலி. எத்தனை வீட்டில் கால் வைத்தோம் என்பது அங்கே கணக்கில்லை. நாங்களும் அப்படித்தான் இப்போது செய்கிறோம். பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய், “அக்கா, செய்து காட்டுங்க பார்ப்போம்” என்று கேட்கிறோம். மறந்திருந்தால் பிழை எங்களுடையது, திரும்பச் சொல்லிக் கொடுக்கிறோம்.

வருமுன் காப்பதையும் விடக் கூடாது. நம் நாட்டு டொக்டர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குக் கவிழ்ந்து எரிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, கவிழாத விளக்கொன்றை 1990களின் தொடக்கத்தில் செய்தார். குட்டையான, கனமான கண்ணாடி, இரண்டு பக்கமும் தட்டை, திருகும் உலோக மூடி. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. சுதீப என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை அது. நாமும் நம் காம்பராவை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கேத்தல் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி இருக்கிறதா? மருந்துக் குளிகை எங்கே? சின்னப் பிள்ளை கையில் கச்சான் கொடுக்கிறோமா?

இனி கடைசியாகவும் முக்கியமாகவும் சொல்ல வேண்டியது. இங்கே தோட்டத் தலைவர் ஒருவர் தேநீர் நேரத்தில் எங்களிடம் கேட்டார்: “நீங்களே எல்லாம் செய்தால் கம்பனி சும்மா இருந்துவிடாதா?” நியாயமான கேள்வி. தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று 1912ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கைகள் மாறினாலும் கடமை மாறவில்லை. நாங்கள் தொண்டு செய்வது அந்தக் கடமைக்குப் பதிலாக அல்ல. வண்டி வருவதற்கு முன்னுள்ள பத்து நிமிடம் எங்கள் பொறுப்பு. அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீளாமல் பார்ப்பது கம்பனியின் பொறுப்பும் அரசின் பொறுப்பும். எங்களைக் காட்டி ஒருவரும் அதிலிருந்து நழுவ நாங்கள் இடம் கொடுக்க மாட்டோம்.

ஆகவே சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டியவை என்று நாங்கள் ஐந்தைக் கேட்கிறோம்.

ஒன்று, முதலுதவிப் பயிற்சி நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். இன்று பயிற்சிக்குப் போனால் அந்த நாள் பேர் போய்விடுகிறது. எங்கள் அக்காமார் சம்பளத்தை இழந்து படித்தவர்கள். எல்லோரிடமும் அதைக் கேட்க முடியாது. அதேபோல, மலையில் நிற்கும்போது கூப்பிட்டு ஓடினால் அரைப் பேராக்கக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் வேலை செய்யும் எல்லோருக்கும் பிள்ளைகளுக்கான முதலுதவிப் பயிற்சி. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு பிரிவிலும், டிஸ்பென்சரி பூட்டிய பிறகும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி. சாவி லயத்தில் இருக்க வேண்டும். ஒபீஸில் இருந்தால் இரவில் பயனில்லை.

நான்கு, இரவில் ஒரு வண்டியும் சாரதியும். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் பிள்ளையை ஏற்றிக்கொண்டு புறப்படலாம் என்ற எழுத்துமூலமான உத்தரவும் வேண்டும்.

ஐந்து, அம்புலன்ஸ் ஏறக்கூடிய பாதையும், ஒவ்வொரு லயத்துக்கும் வீட்டுக்கும் பெயர்ப் பலகையும் இலக்கமும். முகவரி கேட்பது வாக்குக்கும் காணிக்கும் மட்டுமல்ல, நம் பிள்ளையின் உயிருக்கும்தான்.

இந்த ஐந்தும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தலைவர்மாரிடமும் தலைவிமாரிடமும் நாங்கள் கேட்பது சின்ன உதவி. இன்று வீட்டுக்குப் போகுமுன் உங்கள் பிரிவிலிருந்து இரண்டு பெயர் எழுதிக் கொடுங்கள். ஒரு பெண், ஒரு இளைஞர். பயிற்சிக்கு ஆள் கேட்டு சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கக் கிளைக்கும் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதுவோம். அட்டையின் மாதிரியை இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறோம். வெட்டி எடுத்து, உங்கள் பாதையை நிரப்பி, கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

வருகிற திருவிழாக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் தேர் வெளிக்கிடும்போது, எங்களில் நான்கு பேர் கூட்டத்தின் நான்கு மூலையில் நிற்போம். பாதையில் ஒரு ஓட்டோ போகிற அளவு இடம் விட்டுத்தான் தேர் நிற்க வேண்டும் என்று கோயில் கமிட்டியிடம் கேட்டோம், சம்மதித்தார்கள். அந்தத் தாய் அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்னொரு தாயின் வாயில் வரக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும்.